டூரிங் கார் பந்தயம் ஓட்டிக் குடும்பம் நடத்த முடியுமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கிறோம். மகனுக்கு 13 வயது, கார்ட் (சிறுவர்கள் ஓட்டிப் பழகும் குட்டிப் பந்தய வண்டி) நன்றாக ஓட்டுகிறான். டூரிங் கார் பந்தயத்தையே (சாலையில் ஓடும் கார் மாடல்களைப் பந்தயத்துக்கு மாற்றி ஓட்டுவது) தொழிலாக எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்கிறான். அதில் பிழைக்க முடியுமா?

பதில்:

முடியும். ஆனால் வேகமாக ஓட்டுவதற்கு மட்டும் யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. இதை இப்போதே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

நான் ஓட்டுநர் இல்லை. சாட்ஸ்வொர்த்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியன். ஆறு வருஷம் வார இறுதிகளில் ஒரு டூரிங் கார் அணிக்கு டயர் பார்த்தேன். அதனால் பிட்டில் (களத்தின் ஓரம் காரைப் பழுது பார்க்கும் இடம்) நின்று பார்த்ததைத்தான் சொல்ல முடியும்.

எங்கள் ஓட்டுநர் தேசிய அளவில் ஓட்டியவர். அணி அவருக்குக் காசு கொடுக்கவில்லை, அவர்தான் அணிக்குக் காசு கொண்டுவந்தார். செவ்வாய், புதன் கிழமைகளில் ஸ்பான்சர் கம்பெனிகளின் காலைச் சாப்பாட்டுக் கூட்டங்களில் பேசுவார். நடுவில் கார் கம்பெனிகள் புது மாடல் அறிமுகம் செய்யும்போது பத்திரிகைக்காரர்களை உட்காரவைத்து ஓட்டிக் காட்டுவார், பணக்காரப் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பார். வீட்டு வாடகை அதிலிருந்துதான். சனிக்கிழமை பந்தயம் அரை மணி நேரம்கூட ஓடாது. அந்த அரை மணிக்காகத்தான் மீதி எல்லாம்.

ஒரு வருஷம் பெரிய ஸ்பான்சர் ஒருவர் சீசன் முழுக்கத் தருவதாகச் சொல்லிவிட்டு மூன்றாவது சுற்றோடு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். அன்று ராத்திரி அவருடைய ஸ்டிக்கரை ஹீட் கன் வைத்துச் சூடாக்கி உரித்தேன். ஸ்டிக்கர் வந்துவிட்டது. ஆனால் சுற்றியிருந்த பெயிண்ட் வெயிலில் வெளுத்திருந்ததால், அந்தப் பெயர் மட்டும் நிழல் மாதிரி கதவில் நின்றுவிட்டது. மீதி சீசன் முழுக்க அவருக்கு இலவச விளம்பரம்தான்.

சரி, நிஜமாகவே மேலே போனவர்கள் யார்? நம் நாட்டில் முதலில் பார்க்க வேண்டியது வான் டெர் லிண்டே சகோதரர்களை. அண்ணன் கெல்வின் இங்கே ஃபோக்ஸ்வாகனின் போலோ பந்தயத்தில் ஓட்டிவிட்டு ஜெர்மனி போனார். 2014இல், 18 வயதில், ஜெர்மனியின் ஜிடி மாஸ்டர்ஸ் (ஜிடி என்றால் ஸ்போர்ட்ஸ் கார் வகை) பட்டத்தை வென்றார். அங்கேயே நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தை 2017, 2022, 2025 என மூன்று தடவை ஜெயித்த அணிகளில் இருந்தார். தம்பி ஷெல்டன் 2022இல் பிஎம்டபிள்யூவில் டிடிஎம் (ஜெர்மனியின் பெரிய கார் பந்தயத் தொடர்) பட்டம் வென்றபோது அவருக்கு 23 வயது. அந்தப் பட்டத்தை வென்ற முதல் தென்னாப்பிரிக்கர் அவர். இவர்களுக்குக் கம்பெனியே சம்பளம் கொடுக்கிறது. ஆனால் அப்பாவும் பந்தயக்காரர், தாத்தாவும் பந்தயக்காரர். நமக்குக் காவடி எப்படியோ அந்த வீட்டுக்குப் பந்தயம் அப்படி.

இன்னொருவர் கினியல் டி வில்லியர்ஸ். 1997 முதல் 2000 வரை தொடர்ந்து நான்கு வருஷம் தென்னாப்பிரிக்க டூரிங் கார் சாம்பியன். அதற்கப்புறம் மேடு பள்ளம், மணல் என்று ஆஃப் ரோடு பக்கம் போய், 2009இல் டக்கார் ராலியை (பல நாள் ஓடும் நெடுந்தூர ஆஃப் ரோடு பந்தயம்) ஜெயித்தார். எனக்கு அந்தப் பட்டங்களை விட இந்தத் திருப்பம்தான் பெரிது. நம் ஊரில் ஒரு பந்தயத் தொடர் பத்து வருஷம் அதே பெயரில் ஓடினாலே ஆச்சரியம். கம்பெனிகள் வரும், போகும். எந்த வண்டியில் உட்காரவைத்தாலும் ஓட்டத் தெரிந்தவன்தான் மிஞ்சுகிறான்.

சம்பளம் கிடைக்கிற இன்னொரு வழியும் இருக்கிறது. நீண்ட நேர ஜிடி பந்தயங்களில் ஓட்டுநர்களைப் பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ் (வெண்கலம்) என்று தரம் பிரித்திருக்கிறார்கள். பிரான்ஸ் என்றால் பெரும்பாலும் சொந்தக் காசில் ஓட்டுகிற தொழிலதிபர். அவரோடு காரைப் பங்குபோட்டு ஓட்ட, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க, தொழில்முறை ஓட்டுநரைக் கூலிக்கு வைப்பார்கள். புகழ் குறைவு, பணம் ஒழுங்காக வரும்.

டர்பன்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு கஷ்டம் உண்டு. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருந்த ராய் ஹெஸ்கெத் களத்தை 1981இல் மூடிவிட்டார்கள். ஜொகன்னஸ்பர்க் பக்கம் இருக்கும் கயலாமி களத்துக்குப் போக வேண்டுமானால் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு என்3 சாலையில் 550 கிலோமீட்டருக்கு மேல். அங்கே போனால் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். காற்று மெலிந்து, டர்போ இல்லாத என்ஜின் ஆறில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். அதே கார் நம் நாட்டு ஈஸ்ட் லண்டன் களத்தில் கடலோரமாக ஓடும்போது வேறு காராகிவிடும். போகும்போதெல்லாம் அம்மா ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்துவிடுவார். பம்பரில் கட்டினால் பரிசோதகர் அவிழ்க்கச் சொல்வார் என்பதால் ட்ரெய்லரில் கட்டுவோம்.

ஓட்டுநருக்கு என்னதான் தெரிய வேண்டும் என்று எனக்குப் புரிந்தது ஒரு தப்பு செய்த அன்றைக்குத்தான். காலையில் நான்கு டயருக்கும் ஒரே அளவு காற்று வைத்தேன். இடது பக்க டயர் இரண்டும் வெயிலில் கிடந்து சூடாகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. சூட்டில் காற்று விரிந்திருக்கும், அதனால் குறைவாக அடைத்தாலே சரியான அளவு காட்டிவிடும். ஓட்டுநர் இரண்டு சுற்று ஓட்டிவிட்டு உள்ளே வந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "வலது பக்கம் திரும்பும்போது கார் இடது டயர் மேல் சாய்ந்து உட்காருகிறது. என்ஜின் சரி, பிரேக் சரி. காற்றைப் பார்" என்றார். அளந்து பார்த்தேன். இடது பக்கத்தில் காற்றழுத்தம் வலது பக்கத்தை விட 2 பிஎஸ்ஐ குறைவு. திட்டவில்லை. பயிற்சி நேரத்தில் எத்தனை நிமிடம் மிச்சம் என்று மட்டும் கேட்டார்.

உங்கள் மகன் கார்ட்டிலிருந்து இறங்கியதும் என்ன சொல்கிறான்? "ஸ்பீடு பத்தலை" என்றால் இன்னும் சின்னப் பையன். "மூன்றாவது திருப்பத்தில் மூக்கு திரும்ப மாட்டேன் என்கிறது, காலையில் அப்படி இல்லை" என்கிறானா? அப்படியானால் செலவு செய்யலாம். ஆனால் வீட்டை அடமானம் வைக்காதீர்கள், பள்ளிக்கூடத்தையும் நிறுத்தாதீர்கள். நான் பார்த்த ஓட்டுநர்களில் பாதிப் பேர் வேறு படிப்பும் கையில் வைத்திருந்தார்கள்.

அடுத்த முறை கயலாமிக்குப் போகும்போது என் பக்கியில் (பிக்அப் வண்டிக்கு இங்கே அதுதான் பெயர்) ஓர் இடம் காலியாக இருக்கும். விடியற்காலை 3 மணிக்குக் கிளம்புவேன். அவன் வரட்டும், கார் பக்கம் போக முடியாது, முதல் நாள் முழுக்க வீல் கழுவும் வேலைதான். சாயங்காலம் அவனாக வந்து டயரைப் பற்றி என்னிடம் ஏதாவது கேட்டால் உங்களுக்குப் போன் செய்கிறேன்.