காராஃப் என்று கேளுங்கள்

கேள்வி: பாரிஸ் உணவகம் ஒன்றில் "வாட்டர்" கேட்டோம். பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்கள். நாலு பேருக்கு இரண்டு பாட்டில், 14 யூரோ. தண்ணீருக்கு இவ்வளவா? (வாசகி, கோவை)

பதில்: இந்த மாதிரி கடிதம் வரும்போதெல்லாம் வயிறு எரிகிறது. பிரான்ஸில் சாப்பிட உட்கார்ந்தவருக்குக் குழாய்த் தண்ணீரும் ரொட்டியும் சாப்பாட்டு விலையிலேயே அடக்கம் என்று 1967இலேயே ஆணை போட்டுவிட்டார்கள். இலவசத் தண்ணீர் கேட்கலாம் என்பதைக் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்பதும் 2022 ஜனவரியிலிருந்து சட்டம். ஆனால் வெறும் "வாட்டர்" என்றால் பாட்டில்தான் வரும். "ப்ளாத்தா, காஸ்யூஸா" என்று கேட்பார்கள். சாதாவா, காஸ் ஏற்றியதா என்று அர்த்தம். எதைச் சொன்னாலும் பாட்டில்தான். நீங்கள் சொல்ல வேண்டியது: "உய்ன் காராஃப் தோ, சில் வூ ப்ளே." ஒரு குடுவைத் தண்ணீர், தயவுசெய்து.

முதல் பயணத்துக்கு முன் நானும் 600 ரூபாய்க்கு ஒரு பிரெஞ்சு உரையாடல் புத்தகம் வாங்கினேன். தபால் தலை வாங்குவது, மருத்துவரிடம் தலைவலியைச் சொல்வது எல்லாம் அதில் இருந்தது. காராஃப் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஐந்து நாளும் பாட்டில்தான். விலையைப் பார்த்துவிட்டு அம்மா அளந்து அளந்து குடித்தார். கடைசி நாள் பக்கத்து மேசைப் பெரியவர் கேட்டு வாங்கியதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. கண்ணாடிக் குடுவை, வெளியெல்லாம் வேர்த்திருந்தது. நாங்களும் கேட்டோம். பில்லில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. அம்மா இரண்டு குடுவை குடித்தார்.

கேள்வி: சேவைக் கட்டணம் சேரவில்லை என்று சொல்லி, பரிமாறியவரே கார்டு மெஷினில் 15 சதவீதம் கூடுதலாகப் போட்டுவிட்டார். மறுக்கத் தெரியவில்லை. (வாசகர், மதுரை)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. 1987 முதல் பிரான்ஸ் உணவகங்களில் காட்டும் விலை சேவைக் கட்டணமும் வரியும் சேர்ந்த விலையாகத்தான் இருக்க வேண்டும். பட்டியலிலோ பில்லிலோ "செர்வீஸ் கொம்ப்ரி", அதாவது சேவைக் கட்டணம் சேர்ந்தது, என்ற வரியைத் தேடி விரலால் காட்டுங்கள், அது போதும். பிடித்திருந்தால் ஒன்றிரண்டு யூரோ மேசையில் வைப்பது உங்கள் விருப்பம். தொகையைப் பார்க்காமல் மெஷினில் கார்டை வைக்காதீர்கள். பில் இருந்தால், பிரெஞ்சு அரசின் சிக்னல்கோன்ஸோ தளத்தில் புகார் கொடுங்கள். கட்டாயம் கொடுங்கள்.

கேள்வி: வாசலில் மாட்டியிருந்த விலைப்பட்டியலைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டோம். இரண்டு பேருக்கு 130 யூரோ. திரும்பக் கேட்கலாமா?

பதில்: முடியாது. நீங்கள் படிப்பதற்காகத்தான் அதை வாசலில் மாட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: "மெனு" கேட்டதும் மூன்று வகை சாப்பாடு வந்து நின்றது. இன்னொரு நாள் "ரி தெ வோ" வாங்கினேன். அரிசி என்று நினைத்தேன், வேறென்னவோ வந்தது. (வாசகர், திருச்சி)

பதில்: அங்கே மெனு என்றால் மொத்த விலையில் வரும் முழுச் சாப்பாடு. பட்டியல் வேண்டுமென்றால் "லா கார்த்" என்று கேட்க வேண்டும். "ஆந்த்ரே" முதலில் வருவது, "ப்ளா" முக்கிய உணவு. மதியம் செலவு குறைய "ப்ளா து ஜூர்", அதாவது அன்றைய உணவைக் கேளுங்கள். அரிசியும் "ரி"தான், கன்றுக்குட்டியின் கழுத்துச் சுரப்பியும் "ரி"தான். உச்சரிப்பு ஒன்று, எழுத்தில் கடைசி எழுத்து வேறு. ஆனால் "வோ" என்றால் கன்றுக்குட்டி. தெரியாத பேரைக் கேட்காமலே வாங்கலாமா? "கேஸ் கெ சே?" என்று கேளுங்கள், இது என்ன என்று அர்த்தம்.

கேள்வி: சைவம். பச்சைக் காய் சாலட்டில் பன்றி இறைச்சித் துண்டுகள் கிடந்தன. (வாசகி, சேலம்)

பதில்: மனசு எப்படிப் பதறியிருக்கும் என்று தெரிகிறது. அவை "லார்தோன்". "ஜெ ஸ்வி வெஜெதாரியென்" என்றதோடு நிறுத்தாமல், "சான் வியான்த், சான் புவாஸோன்", இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். வெங்காய சூப்பை நம்பாதீர்கள், வழக்கமாக அது மாட்டிறைச்சிச் சாற்றில்தான் வேகிறது.

கேள்வி: சாப்பிட்டு அரை மணி ஆகியும் பில் வரவில்லை. மறந்துவிட்டார்களா?

பதில்: இல்லை. கேட்டால்தான் தருவார்கள். "லதிஸியோன், சில் வூ ப்ளே."