ப்ராக் சுத்திப் பாக்க வர்றீங்களா? கேளுங்க, சொல்றேன்

நான் செக் நாட்டுத் தலைநகரமான ப்ராக்ல குடியேறி ஒன்பது வருஷம் ஆச்சு. வர்ற சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ் எல்லாரையும் கூட்டிட்டு சுத்தினதுல ஒண்ணு நல்லா புரிஞ்சுது, இந்த ஊர்ல எல்லாரும் கோபுரத்தையே அண்ணாந்து பாத்து போட்டோ எடுத்துட்டு கிளம்பிடுறாங்க, ஆனா மனசை உலுக்குற விஷயம் நிறைய காலடியில, சுவர் ஓரத்துலதான் இருக்கு. ரெண்டாம் உலகப்போர்ல வார்சா, ட்ரெஸ்டன் மாதிரி இந்த ஊர் தரைமட்டமாகல, அதனால அறுநூறு எழுநூறு வருஷத்து அடையாளம்கூட அந்தந்த இடத்துலயே கிடக்கு. வந்த கேள்விகளுக்கு வரிசையா பதில் சொல்றேன்.

கேள்வி: அக்கா, வியன்னா போற வழியில ப்ராக்குக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கோம். போதுமா?

போதாது தம்பி. ரெண்டு முழு நாளாவது வைங்க, முடியவே முடியாதுன்னா ஒரு ராத்திரியாவது தங்குங்க, ஏன்னா சார்லஸ் பாலத்தை விடிகாலையில பாக்கணும். பகல் பதினோரு மணிக்குப் போனீங்கன்னா தேர்த் திருவிழா கூட்டம், சிலையும் தெரியாது ஆறும் தெரியாது. ஜூன்ல எல்லாம் அஞ்சு மணிக்கே வெளிச்சம் வந்துடும், அப்ப போங்க. வல்தாவா ஆத்துல மூடுபனி, பாலத்துல நாலு பேர், அவ்ளோதான்.

பாலம் 516 மீட்டர் நீளம், ரெண்டு பக்கமும் மொத்தம் 30 சிலை. நாலாம் சார்லஸ் மன்னர் 1357 ஜூலை 9 விடிகாலை 5:31க்கு முகூர்த்தம் பாத்து அடிக்கல் போட்டார்னு இங்க சொல்வாங்க, வருஷம், தேதி, மாசம், நேரம்னு எழுதிப் பாருங்க, 1-3-5-7-9-7-5-3-1, ஏறி இறங்குற படிக்கட்டு மாதிரி வரும். நெபோமுக் ஜான்னு ஒரு பாதிரியார், 1393ல மன்னர் வென்செஸ்லாஸோட ஆட்கள் அவரை ஆத்துல தள்ளிட்டாங்க. அவர் சிலைக்குக் கீழ இருக்கிற வெண்கலப் பலகையில எல்லாரும் கை வெச்சு வெச்சு ரெண்டு இடம் மட்டும் தங்கமா மின்னும், மத்ததெல்லாம் கருத்துப் போயிருக்கும். நிறைய சிலை இப்ப இருக்கிறது நகல்தான், அசல் மழையில கரையக்கூடாதுன்னு உள்ள கொண்டுபோய் வெச்சிருக்காங்க.

கேள்வி: அந்த வானியல் கடிகாரம் பாத்தோம், ஒரு நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு, இதுக்கா இவ்ளோ கூட்டம்னு ஆயிடுச்சு. நாங்க எதையாவது விட்டுட்டோமா?

ஆமாங்க, அசல் விஷயத்தை விட்டுட்டீங்க. மணி அடிக்கும்போது எலும்புக்கூடு கயிறை இழுக்கிறதும், மேல ஜன்னல்ல 12 அப்போஸ்தலர்கள், அதாவது இயேசுவோட சீடர்கள், போறதும் எல்லாம் பின்னாடி சேர்த்தது. 1410ல கடானைச் சேர்ந்த மிகுலாஷ்ங்கிற கடிகாரக்காரர் செஞ்சது அந்த நீல வட்டம்தான், அதுக்கு வேண்டிய கணக்கு யான் ஷிண்டெல்ங்கிற வானியல் அறிஞரோடதுன்னு கருதுறாங்க. கூட்டம் கலைஞ்சதும், மணி 10:10, 10:20 வாக்குல, அது முன்னாடி நின்னு நிதானமா பாருங்க.

நம்ம ஆளுங்களுக்கு இது ஈஸியா புரியும், ஏன்னா அது ஒரு ஓடுற பஞ்சாங்கம். தங்க முள்ளுல சூரியன் இருக்கும், அது ராசி வட்டத்துல எங்க நிக்குதோ அந்த ராசியில இன்னைக்கு சூரியன்னு அர்த்தம். இன்னொரு முள்ளுல சின்ன உருண்டை, பாதி வெள்ளி பாதி கருப்பு, அது தானா திரும்பி வளர்பிறை தேய்பிறை காட்டும். வெளி வட்டத்துல பழைய எழுத்துல 1லேர்ந்து 24 வரைக்கும் இருக்கிறது அந்தக் காலத்து செக் நேரம், சூரியன் மறைஞ்சதுலேர்ந்து எண்ணுவாங்க. உள்ள வளைவு வளைவா கோடு போட்டு பகலை 12 பங்கா பிரிச்சிருப்பாங்க, பகல் நீண்டா பங்கும் நீளும், நாம ராகு காலத்துக்கு சூரிய உதயத்துலேர்ந்து பகலை எட்டாப் பிரிக்கிறோமே, அதே முறைதான். ஒரே வித்தியாசம், இவங்களோடது பருவத்தை வெச்சுப் போடுற சாயனக் கணக்கு, நம்மளோடது நட்சத்திரத்தை வெச்சுப் போடுற நிராயணம், அதனால இங்க மார்ச் 20, 21லயே சூரியன் மேஷத்துக்குப் போயிடும், நமக்கு சித்திரை பொறக்கணும்.

1945 மே மாசம் ஜெர்மன் படை சுட்டதுல இது எரிஞ்சுபோய், 1948லதான் மறுபடி ஓட ஆரம்பிச்சுது.

அப்புறம் கடிகாரத்துக்குப் பக்கத்துலயே நகர மண்டபத்தோட கிழக்குப் பக்கம் தரையைப் பாருங்க. கல்லுல வெள்ளையா 27 சிலுவை பதிச்சிருக்கும். 1621 ஜூன் 21ம் தேதி, ஹாப்ஸ்பர்க் வம்சத்து மன்னரை எதிர்த்த 27 பேருக்கு அந்த இடத்துலதான் மரண தண்டனை, அதுல 12 பேர் தலையை நீங்க காலையில நடந்துபோன பாலத்துக் கோபுரத்துல பத்து வருஷம் தொங்க விட்டாங்க. ஐஸ்க்ரீம் கையில வெச்சுக்கிட்டு அந்த சிலுவை மேலயே ஜனங்க நிக்கிறதைப் பாக்கிறப்ப எனக்கு மனசு கஷ்டமாயிடும், தெரியாமதான் நிக்கிறாங்க.

கேள்வி: அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வர்றேன், ரெண்டு பேருக்கும் மூட்டு வலி. கோட்டைக்கு ஏற முடியுமா?

கீழேர்ந்து படி ஏறவே வேணாம்மா. 22ம் நம்பர் ட்ராம்ல மேல வந்து ப்ராக் கோட்டை ஸ்டாப்ல இறங்குங்க, அங்கேர்ந்து பெரிய ஏத்தம் இல்லாம வடக்கு வாசல் வழியா உள்ள போயிடலாம். திரும்பவும் அதே வழியில வந்துடுங்க, கீழ இறங்குற படிக்கட்டு மூட்டுக்கு ஆகவே ஆகாது. தரை முழுக்க கல் பாவினது, குதிகால் செருப்பு வேண்டாம், நல்ல ஷூ போடச் சொல்லுங்க. பேப்பர் டிக்கெட் வாங்கினா மறக்காம மஞ்சப் பெட்டியில விட்டு முத்திரை குத்திடுங்க, குத்தாத டிக்கெட் செல்லாது, ஃபைன் போட்டுடுவாங்க.

உள்ள எல்லாத்தையும் பாக்கணும்னு இல்ல, செயின்ட் வைடஸ் தேவாலயம் ஒண்ணு போதும். 1344ல ஆரம்பிச்சு 1929லதான் முடிச்சாங்க, கிட்டத்தட்ட அறுநூறு வருஷம். உள்ள போனதும் இடது பக்கம் மூணாவது ஜன்னல், அல்போன்ஸ் முகாங்கிற செக் ஓவியர் வரைஞ்சது, அப்பாவை அங்க உக்கார வெச்சுட்டு நீங்க சுத்துங்க. வலது பக்கம் புனித வென்செஸ்லாஸ் சிற்றாலயம் (மேல சொன்ன மன்னர் இல்ல, வேற ஆள்), வாசல்ல நின்னுதான் பாக்க விடுவாங்க, சுவர் முழுக்க ரத்தினக் கல். அதுக்குள்ள ஒரு கதவு, ஏழு பூட்டு, ஏழு சாவியும் ஜனாதிபதி, பிரதமர்னு ஏழு பேர்கிட்ட இருக்கு, ஏழு பேரும் வந்தாத்தான் மணிமகுடம் இருக்கிற அறை திறக்கும்.

கேள்வி: யூரோ கையில இருந்தா போதுமா?

போதாது, இங்க செக் நாட்டுப் பணம் கொருனாதான். கார்டு எல்லா இடத்துலயும் போகும், கையில கொஞ்சம் பணம் போதும். ஏடிஎம்ல "ரூபாய்க்கு மாத்தித் தரட்டுமா"ன்னு கேட்டா வேண்டாம்னு அமுக்குங்க. நான் வந்த புதுசுல ஒரு எக்ஸ்சேஞ்ச் கடையில போர்டுல ஒரு ரேட் பாத்து உள்ள வேற ரேட்ல வாங்கி நல்லா ஏமாந்தேன், அப்ப ஒண்ணும் பண்ண முடியல. 2019லேர்ந்து சட்டம் மாறியாச்சு, ரசீதோட மூணு மணி நேரத்துக்குள்ள திரும்பிப் போனா மாத்தினதை கேன்சல் பண்ணித் தரணும். ரசீதைத் தூக்கிப் போடாதீங்க.

கேள்வி: நாங்க சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லவே இல்ல. ஸ்மஜெனி சீர்னு மெனுவுல இருக்கும், சீஸை ரஸ்க்தூள்ல பொரட்டிப் பொரிச்சது, முட்டை சேர்ப்பாங்க அது ஓகேவான்னு பாத்துக்கோங்க. சூப்ல இறைச்சி வேகவெச்ச தண்ணி ஊத்துவாங்க, கேக்காம வாங்காதீங்க. இந்தியன் ஹோட்டலும் நிறைய இருக்கு. கம்பியில சுத்தி சுட்டு சர்க்கரை தூவி விக்கிற த்ரடெல்னிக், சாப்பிடலாம், ஆனா அது ப்ராக்கோட பழைய பலகாரம்னு கடையில எழுதியிருக்கிறதை நம்பாதீங்க.

கேள்வி: தமிழறிஞர் கமில் சுவலபில் அந்த ஊர்க்காரர்தானே?

இதை ஒருத்தர் கேட்டதே எனக்கு அவ்ளோ சந்தோஷம். ஆமாங்க, 1927ல ப்ராக்ல பொறந்தவர், சார்லஸ் பல்கலைக்கழகத்துல தமிழ் சொல்லிக் குடுத்தவர். 1968 ஆகஸ்ட்ல சோவியத் டாங்கிகள் உள்ள வந்ததுக்கு அப்புறம் நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிடுச்சு.

அந்த 1968ஐப் புரிஞ்சுக்கணும்னா வென்செஸ்லாஸ் சதுக்கத்துக்குப் போங்க. மேல் முனையில தேசிய மியூசியம், அதோட முன்பக்கத் தூண்கள்ல வெளிறின திட்டு திட்டா தெரியும், அன்னைக்கு பட்ட குண்டு அடையாளம், கட்டடத்தை முழுசா புதுப்பிச்சப்பகூட மறைக்காம விட்டிருக்காங்க. மியூசியம் முன்னாடி தரையில ஒரு வெண்கலச் சிலுவை உருகி வழியிற மாதிரி கிடக்கும். யான் பாலாக், இருபது வயசு மாணவர், அந்த சோவியத் ஆக்கிரமிப்பை எதிர்த்து 1969 ஜனவரி 16 அன்னைக்கு அங்க தீக்குளிச்சார். அவர் படிச்சதும் அதே சார்லஸ் பல்கலைக்கழகத்துலதான்.

கேள்வி: பத்து வயசுப் பொண்ணு கூட வர்றா. யூதர் பகுதிக்குக் கூட்டிட்டுப் போகலாமா, பயந்துடுவாளா?

கூட்டிட்டுப் போங்க, முன்னாடியே கொஞ்சம் சொல்லி வைங்க. பயமுறுத்துற மாதிரி அங்க எதுவும் இல்ல, எல்லாம் ரொம்ப அமைதி. பின்காஸ் ஜெபக்கூடத்துல சுவர் முழுக்க பேர், நாஜிகள் கொன்ன ஏறக்குறைய 80,000 பேரோட பேர், ஊர் வாரியா, குடும்பம் குடும்பமா கையால எழுதினது. ஒரு குடும்பத்துப் பேரை மட்டும் நின்னு படிங்க, அப்பா, அம்மா, புள்ளைங்க, பொறந்த தேதி. மாடியில டெரெசின் முகாம்ல அடைபட்டிருந்த குழந்தைங்க வரைஞ்ச படம் இருக்கு, வீடு, பட்டாம்பூச்சி, சாப்பாட்டு மேஜைன்னு. என் அக்கா பொண்ணு அங்க ஒரு மணி நேரம் நகரவே இல்ல, ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் வரைஞ்சவங்களுக்கு என்ன வயசுன்னு கேட்டுக்கிட்டே இருந்தா.

வெளிய வந்தா பழைய கல்லறைத் தோட்டம். இடம் பத்தாம மண்ணைக் கொட்டிக் கொட்டி ஒண்ணு மேல ஒண்ணா புதைச்சதுல சில இடத்துல 12 அடுக்கு வரைக்கும் இருக்காம், கல்லெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சாஞ்சு நிக்கும். ரொம்பப் பழசு 1439. கல்லு மேல சின்னச் சின்ன கூழாங்கல் இருக்கும், பாக்க வந்தவங்க மரியாதைக்கு வெச்சது, பாப்பாகிட்ட அதை எடுக்கக் கூடாதுன்னு சொல்லிடுங்க. சனிக்கிழமை மட்டும் போயிடாதீங்க, மூடியிருக்கும்.