ஆள் ஏன் நிற்பதில்லை? ஒரு வெல்ஃபேர் ஆபீசரின் பதில்கள்

பஞ்சாலையில் பதினோரு வருடம், பனியன் கம்பெனிகளில் பதிமூன்று வருடம் வெல்ஃபேர் ஆபீசராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் நல அலுவலர் வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் சொன்னதால்தான் என்னை வைத்தார்கள். ஆசையாகக் கூப்பிட்டவர் யாருமில்லை. தொழிலாளர் நலன் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

திருப்பூரில் 80 மெஷின் வைத்திருப்பவர்: அக்கா, டீ, போனஸ், தீபாவளி ஸ்வீட் எல்லாம் கொடுத்துட்டுதான் இருக்கேன். செலவு தெரியுது. லாபம் எந்தக் கணக்குல வருதுங்க?

ஆள் கணக்கில் வரும் தம்பி. போன பொங்கலில் இருந்து எத்தனை டெய்லர் சேர்ந்தார்கள், அதில் இன்றைக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். புதிதாக வந்த ஓவர்லாக் டெய்லர் உங்கள் லைன் வேகத்துக்கு வருவதற்குள் எத்தனை பீஸைப் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கிறது? அந்தச் செலவுக்குத் தனி நோட்டு கிடையாது, அதனால் கண்ணில் படுவதில்லை.

அமெரிக்காவில் கார் கம்பெனி நடத்திய ஹென்றி ஃபோர்டுக்குப் பட்டது. 1913-ல் அவர் ஆலையில் ஆள் மாற்றம் 370 சதவீதம். நூறு பேர் வேலை நடக்க வருடத்துக்கு 370 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாள் சம்பளத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி 5 டாலர் என்றார். வேலை நேரம் ஒன்பது மணியிலிருந்து எட்டானது. 1915-ல் ஆள் மாற்றம் 16 சதவீதம். தர்மத்துக்குச் செய்யவில்லை, ஆள் பிடித்து மாளாமல் செய்தார். கூடவே தொழிலாளி எப்படிக் குடித்தனம் நடத்துகிறான் என்று வீட்டுக்கே ஆள் அனுப்பி எட்டிப் பார்த்தார். அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

சென்னை ஐடி கம்பெனி ஹெச்.ஆர்.: மேடம், இந்த வருஷம் வெல்னஸுக்கு பட்ஜெட் ஒதுக்கியிருக்காங்க. ஜூம்பா, தியான ஆப், ஸ்ட்ரெஸ் வெபினார். எதுல போடலாம்?

மூன்றிலும் வேண்டாம் என்பேன். அமெரிக்காவில் பிஜேஸ் என்ற கடைத் தொடரில் சுமார் 33,000 ஊழியர்களை வைத்துச் சோதித்தார்கள். குலுக்கிப் போட்டுச் சில கிளைகளில் மட்டும் நலத் திட்டம். ஒன்றரை வருடம் கழித்துக் கேட்டால், உடற்பயிற்சி செய்கிறேன் என்று சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். ரத்த அழுத்தம், மருத்துவச் செலவு, லீவு, வேலைத் திறன் எதிலும் மாற்றமில்லை. இலினாய் பல்கலைக்கழகச் சோதனையிலும் அப்படித்தான். திட்டத்தில் சேர வந்தவர்களே ஏற்கெனவே ஆரோக்கியமானவர்கள் என்பது அதில் தெரிந்தது. காலையில் ஓடுகிறவர்தான் ஜூம்பாவுக்கும் வருவார். ராத்திரி பதினொன்றுக்கு கிளையன்ட் கால் எடுக்கிறவர் வரமாட்டார்.

அந்தக் காசில் அவர் டீமுக்கு இன்னொரு ஆளைப் போடுங்கள்.

பனியன் கம்பெனி லைன் சூப்பர்வைசர்: பாத்ரூம் போறேன்னு போனா பத்து நிமிஷம் ஆகுதுங்க. டோக்கன் வைக்கலாம்னு முதலாளி சொல்றார்.

வேண்டவே வேண்டாம். நான் இருந்த ஒரு கம்பெனியில் (பெயர் எதற்கு?) லைனுக்கு ஒரு டோக்கன். பச்சை பிளாஸ்டிக் வில்லை, கயிற்றில் கோத்து சூப்பர்வைசர் டேபிள் ஆணியில் தொங்கும். அதை எடுத்துக்கொண்டுதான் பாத்ரூம் போகலாம். முப்பத்திரண்டு பேருக்கு அது ஒன்றுதான். ஒரு மே மாதம் மத்தியானம் மூன்று மணிக்கு, லைன் ஓரத்துத் தண்ணீர் கேனைத் தற்செயலாக நகர்த்தப் பார்த்தேன். நகரவில்லை. காலையில் வைத்தது அப்படியே கனத்தது. அனல் காற்று வீசுகிறது, ஒருத்தரும் குடிக்கவில்லை.

பக்கத்தில் பனியன் கையை மடித்துத் தைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், "தண்ணி நல்லா இல்லையா கண்ணு?" என்றேன். தலை நிமிராமல் சொன்னாள்: "தண்ணி நல்லாத்தானுங்க இருக்கு. குடிச்சா போகோணும்ங்களே."

லீவு ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி, காய்ச்சல் என்று வரிசையாக அந்த லைன் பெயர்கள். நானே கையெழுத்துப் போட்ட ரிஜிஸ்டர்தான், அதுவரை உறைக்கவில்லை.

பத்து நிமிடம் எங்கே போகிறது என்று நேரில் போய்ப் பார்த்தேன். இரண்டு கழிவறை. ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை, அதனால் ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நாப்கின் போட டப்பா கிடையாது. தாழ்ப்பாளும் மூடி போட்ட டப்பாவும் வாங்கி, வில்லையைக் கழற்றினோம். அதன்பின் சாயங்காலத்துக்குள் கேனை இரண்டு தடவை மாற்ற வேண்டியிருந்தது. நீங்களும் முதலில் தாழ்ப்பாளைப் பாருங்கள்.

தகரக் கூரை யூனிட் வைத்திருப்பவர்: ஏசி போடக் கட்டுப்படியாகாது. சூட்டுக்கு என்ன வழி?

இந்தியத் தொழிற்சாலைகளை ஆராய்ந்ததில், வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஆண்டு உற்பத்தி சுமார் 2 சதவீதம் குறைவதாகக் கண்டார்கள். பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் மின்சாரம் மிச்சமாகட்டும் என்று பழைய விளக்கை எடுத்து எல்இடி மாட்டினார்கள். தலைக்கு மேலிருந்த சூடு தணிந்ததில், வெயில் கொளுத்திய நாட்களில் தையல் வேகமும் அதிகம் குறையாமல் தப்பியது. போட்ட முதல் நினைத்ததைவிடப் பல மடங்கு சீக்கிரம் திரும்பியது. கூரைக்கு வெள்ளை அடியுங்கள். அயர்னிங் டேபிளை டெய்லர் முதுகுக்குப் பின்னாலிருந்து நகர்த்துங்கள்.

ஜவுளிக்கடை மேனேஜர்: ஸ்டூல் போட்டா கஸ்டமர் வந்தா எழுந்திருக்க மாட்டாங்களே?

எழுந்திருப்பார்கள். 2021-லேயே தமிழ்நாட்டில் உட்கார இடம் தருவது சட்டமாகிவிட்டது, கேரளத்தில் அதற்கும் முன்னால். முதலில் போடுங்கள்.

எக்ஸ்போர்ட் மேனேஜர்: ஷிப்மென்ட் நேரத்துல ஒன்றரை ஷிப்ட், ரெண்டு ஷிப்ட் ஓட்டாம முடியாது மேடம்.

ஒரு வாரம் முடியும். மாதக்கணக்கில் ஓட்டினால் பீஸ் அதிகமாகாது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் பீரங்கிக் குண்டு செய்த பெண்களின் கணக்கு நோட்டுகளை ஜான் பென்கவெல் என்ற பொருளாதார அறிஞர் பின்னாளில் ஆராய்ந்தார். வாரம் 50 மணி நேரத்துக்கு மேல் போகப் போக, ஒரு மணி நேரத்தில் கிடைத்த விளைச்சல் சரிந்தது. 70 மணி நேரம் செய்தவர்கள் 56 மணி நேரம் செய்தவர்களைவிடப் பெரிதாக ஒன்றும் கூடுதலாகச் செய்துவிடவில்லை. அந்தப் பதினாலு மணிக்கும் நீங்கள் தருவது இரட்டைச் சம்பளம். தருகிறீர்கள்தானே?

பிபிஓ டீம் லீட்: மதியம் தூங்க விடலாமா? சிரிக்காதீங்க.

சிரிக்கவில்லை. சென்னையிலேயே சோதித்திருக்கிறார்கள். டேட்டா என்ட்ரி செய்தவர்கள் எட்டு மணி நேரம் படுத்தும் ஐந்தரை மணி நேரம்தான் தூங்கினார்கள். கொசு, புழுக்கம், சத்தம். இரவுத் தூக்கத்தை அரை மணி நேரம் கூட்டியதில் வேலை கூடவில்லை. ஆபீசில் அரை மணி நேரம் கண்ணயர்ந்ததில் வேலையும் மனதும் தெளிந்தன. ஆனால் அந்த அரை மணியையும் உழைத்தவர்களோடு ஒப்பிட்டால் மொத்த வருமானம் கொஞ்சம் குறைவு. ஏற்கெனவே விடுகிற இடைவேளையைத் தூக்கமாக மாற்றினால் லாபம். வேலை நேரத்தில் வெட்டினால் இல்லை.

பெயர் வேண்டாம் என்றவர்: இந்த வருஷம் இன்க்ரிமென்ட் கம்மிதான். ஆள் போயிடாம இருக்க வேற வழி?

கேளுங்கள். பெங்களூருப் பக்கம் சம்பள உயர்வு ஏமாற்றமாக அமைந்த சமயத்தில், சில தொழிலாளர்களிடம் மட்டும் பெயர் எழுதாமல் குறை நிறை கேட்டார்கள். கேட்கப்பட்டவர்கள் வேலையை விடுவதும் லீவு எடுப்பதும் குறைந்தது, அதிகம் ஏமாற்றமடைந்தவர்களிடம் இன்னும் அதிகமாக. சூப்பர்வைசரைப் பற்றியும் கேளுங்கள், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

புகார்ப் பெட்டி இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். நான் கடைசியாகத் திறக்கச் சொன்ன பெட்டிக்குச் சாவி கிடைக்கவே இரண்டு நாளாயிற்று. உள்ளே குளவி கூடு கட்டியிருந்தது.