சமூக மன்ற நடன வகுப்பில் ஜோடி மாற்றி ஆடச் சொல்வார்களா? கணவன் மனைவியாகச் சேரலாமா?

தாராளமாகச் சேருங்கள். ஜோடி மாற்றத்தான் சொல்வார்கள், ஆரம்ப வகுப்புகளில் பெரும்பாலும் அதுதான் வழக்கம். ஐம்பதைத் தாண்டிய தம்பதி, மனைவிக்கு ஆசை, உங்களுக்கு இந்த ஒன்றில்தான் தயக்கம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒன்றை மட்டும் தட்டிக்கழித்துவிடாதீர்கள் என்பதுதான் என் பதில். நானும் என் கணவரும் சிங்கப்பூரில் எங்கள் வீட்டருகே உள்ள சமூக மன்றத்தில் பல வருடங்களாக ஆடுகிறோம், அதை வைத்துச் சொல்கிறேன்.

ஆண்கள் வட்டமாக நிற்பார்கள். பாட்டு முடிந்ததும் ஆசிரியர் 'சேஞ்ச் பார்ட்னர்' என்பார், பெண்கள் ஓர் ஆள் தள்ளி நகர்வார்கள். அவ்வளவுதான். பெண்கள் அதிகமாக வந்திருந்தால் சில பெண்களே ஆண் இடத்தில் நின்று லீட் செய்வார்கள், அதாவது ஜோடியை நடத்திச் செல்வார்கள்.

வால்ட்ஸ் நடனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் காதுக்கு அது திஸ்ரம், மூன்று எண்ணிக்கைத் தாளம். தகிட, தகிட என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டால் தாளம் பிடிபட்டுவிடும். ஆண் இடது காலை முன்னே வைத்து, வலது காலைப் பக்கவாட்டில் வைத்து, இடது காலைக் கொண்டுவந்து சேர்க்கிறார். அடுத்த தகிடவுக்கு வலது கால் பின்னே, இடது கால் பக்கவாட்டில், வலது கால் வந்து சேரும். பெண்ணுக்கு நேர் எதிர். முதல் வகுப்பிலேயே இது மனப்பாடமாகிவிடும். சிக்கலே அங்கேதான். உங்கள் மனைவிக்கும் மனப்பாடம் என்பதால், நீங்கள் எதுவும் உணர்த்தாமலே அவர் பின்னால் போய்விடுவார். உங்களுக்கோ, நாம்தான் நடத்திக்கொண்டு போகிறோம் என்று தோன்றும். பழகாத ஒருவர் எதிரே வந்து நின்றால்தான் நீங்கள் கையால் தள்ளுகிறீர்களா, உடம்பால் சொல்கிறீர்களா என்பது தெரியவரும்.

எங்கள் வகுப்பில் ஒரு சீனப் பெரியவர் இருக்கிறார். அவர் மாண்டரின் மட்டும்தான் பேசுவார். எனக்கு அதில் யி, அர், சான் (ஒன்று, இரண்டு, மூன்று) தவிர எதுவும் தெரியாது. அவருடைய வலது உள்ளங்கை என் இடது தோள்பட்டை எலும்பின்மேல் தட்டையாக இருக்கும், துளியும் அழுத்த மாட்டார். காலை எடுப்பதற்கு ஒரு கணம் முன்பே அவர் நெஞ்சு முன்னால் வரும். அவர் எடை முழுக்க வலது காலில் நிற்பது எனக்குத் தெரிந்துவிடும், என் வலது கால் தானாகப் பின்னே நீளும். மூன்றாவது எண்ணிக்கையில் காலைச் சேர்க்கும்போது எடையையும் அந்தக் காலுக்கு மாற்றிவிடுவார். புதியவர்கள் பாதத்தை மட்டும் சேர்த்துவிட்டு எடையைப் பழைய காலிலேயே வைத்திருப்பார்கள், அடுத்தது எந்தக் கால் என்று இருவருக்கும் குழம்பிப்போகும். அவரோடு ஆடி நான் கற்றதை என் கணவரோடு ஆடும்போது பயன்படுத்துகிறேன். என் கணவரும் வேறு பெண்களோடு ஆடித்தான் தன் கைகளைத் தளர்த்தக் கற்றுக்கொண்டார்.

உங்கள் மனைவியிடம் ஒன்று சொல்லுங்கள்: அடுத்தது என்ன வரும் என்று ஊகிக்க வேண்டாம். லீட் செய்பவர் உணர்த்தும்வரை காத்திருப்பதுதான் ஃபாலோ செய்வதில், அதாவது அவரைப் பின்தொடர்ந்து ஆடுவதில், கடினமான பகுதி. வகுப்பு நடக்கும்போது ஒருவரையொருவர் திருத்தவும் வேண்டாம், அதை ஆசிரியரிடம் விட்டுவிடுங்கள். கணவன் மனைவிக்குள் மனஸ்தாபம் வருவதெல்லாம் இதில்தான்.

பிறர் கையைப் பிடிக்கும் கூச்சம் எனக்குப் புரிகிறது, நம்மவர்களிடம் அது ஆழமாக இருக்கிறது. இன்று சிட்டி ஸ்குவேர் மால் இருக்கும் இடத்தில், சிராங்கூன் சாலைக்குப் பக்கத்திலேயே, 1923-இல் நியூ வோர்ல்டு கேளிக்கைப் பூங்கா திறந்தது. அங்கே கேபரே மண்டபத்தில் கூப்பன் வாங்கினால் நடனப் பெண்களோடு ஆடலாம். ஜோடி நடனம் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்ததற்கு அந்த நினைவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். இன்றைய வகுப்புக்கு வருபவர்கள் ஓய்வுபெற்ற அங்கிள்கள், ஆன்ட்டிகள், வேலை முடிந்து நேராக வரும் இளையர்கள். சீனர், மலாய்க்காரர், யூரேசியர் எல்லோரும் வருகிறார்கள். நம் ஆட்கள் குறைவு என்பதுதான் எனக்கு வருத்தம். யாரோடாவது ஆட உங்களில் ஒருவருக்குச் சங்கடமாக இருந்தால் ஆசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள், வற்புறுத்த மாட்டார்கள்.

உடை விஷயம் முக்கியம். பெண்தான் அதிகமாகப் பின்னோக்கி நடப்பார் என்பதால் புடவைக் கொசுவம் மிதிபடும். சல்வார் வசதி, துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிடலாம். கல் வைத்த வளையல் எதிராளியின் சட்டையில் மாட்டும். ரப்பர் அடியுள்ள காலணி தரையைப் பிடித்துக்கொள்ளும், திரும்பும்போது முழங்கால் முறுகும். நம் வயதுக்கு அது ஆபத்து, அடிப்பாகம் சுவேட் தோலில் உள்ள நடனக் காலணி வாங்குங்கள். மாற்றுச் சட்டை ஒன்றும் பையில் இருக்கட்டும்.

வால்ட்ஸிலும் டாங்கோவிலும் எல்லோரும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மண்டபத்தைச் சுற்றி வருவார்கள். நடுவழியில் நின்று காலைப் பார்க்காதீர்கள், சந்தேகம் வந்தால் நடுப்பக்கம் ஒதுங்கிக்கொள்ளுங்கள். ரும்பா, சா சா, ஜைவ் எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில் ஆடுபவை. 1950-களில் கியூபாவில் பிறந்த சா சா, 60-களில் சிங்கப்பூரில் 'ஆஃப்பீட் சா சா' என்று தனி மோகமாகவே இருந்தது. சா சா பாட்டு போட்டதும் சீன ஆன்ட்டிகள் முகம் எப்படி மலரும் என்று நீங்களே பார்க்கலாம். ஆனால் வேகம் அதிகம், முதலில் வால்ட்ஸ் அல்லது ரும்பாவில் தொடங்குங்கள்.

சமூக மன்றங்களை நடத்தும் மக்கள் கழகத்தின் இணையத்தளத்தில் பதிவு செய்யலாம், அதன் உறுப்பினர் அட்டையான பேஷன் அட்டை இருந்தால் கட்டணம் குறையும். 'லைன் டான்ஸ்' வகுப்பில் தெரியாமல் சேர்ந்துவிடாதீர்கள், அது ஜோடி இல்லாமல் வரிசையாக நின்று ஆடுவது.