வாகனம் கேள்வி-பதில்: மங்கலான ஹெட்லைட்டுக்கு ரிலே

கேள்வி: பழைய கார். புது பல்பு மாட்டியும் ஹெட்லைட் மஞ்சளாகத்தான் எரிகிறது. அரை மணி நேரம் ஓட்டினால் சுவிட்ச் சுடுகிறது. ரிலே வைத்தால் சரியாகுமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: சுவிட்ச் சுடுகிறது என்று எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. 60/55 வாட் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55) எச்4 வகை பல்பு இரண்டும் பிரைட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். அத்தனை கரன்ட்டும் பேட்டரியிலிருந்து டேஷ்போர்டுக்குப் போய், தேய்ந்த சுவிட்சுக்குள் புகுந்து, திரும்ப முன்னால் வருகிறது. பல்புக்குச் சேரும் வோல்ட் 10 விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் 30 விழுக்காடு போய்விடும். ரிலே என்பது சிறு கரன்ட்டால் இயங்கும் சுவிட்ச். அதை வைத்தால் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகச் சிறு கரன்ட் மட்டும் போகும், பல்புக்கான கரன்ட் பேட்டரியிலிருந்து ரிலே வழியாக நேரே வரும்.

எதையும் வாங்குமுன் அளந்து பாருங்கள். எஞ்சின் ஓட, லைட் எரிய, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையை பல்பின் பிளஸ் பின்னிலும் வையுங்கள். ஹோல்டரைப் பிடுங்கிவிட்டு அளக்கக் கூடாது. கரன்ட் ஓடாவிட்டால் இழப்பும் தெரியாது. 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ரிலே பலன் தரும். அடுத்து பேட்டரி மைனஸுக்கும் பல்பின் எர்த் பின்னுக்கும் இடையே அளக்கவும். இழப்பு அங்கேதான் என்றால் முதலில் எர்த்தைச் சரிசெய்யுங்கள்.

டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என 12 வோல்ட், 30 ஆம்பியர், நான்கு பின் ரிலே இரண்டு வேண்டும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து தனித்தனி 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ஒவ்வொரு ரிலேயின் 30 என்று எண் போட்ட பின்னுக்கும் (கரன்ட் உள்ளே வரும் பின்) ஒயர் போகட்டும். ஒரு ஃபியூஸ் போனாலும் மற்றொன்றை வைத்து வீடு வந்து சேரலாம். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் உள்ள ஒயர் பாடியில் உரசினால் தீப்பிடிக்கும். கரன்ட் வெளியேறும் 87-ஆம் பின்னிலிருந்து இரண்டு பல்புக்கும் புது ஹோல்டர் வழியாக ஒயர். இவையெல்லாம் 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர்.

பழைய ஹோல்டர் ஒன்றைத்தான் 85, 86 பின்களுக்கு, அதாவது ரிலேயை இயக்கும் காயிலின் (கம்பிச் சுருளின்) இரு முனைகளுக்கு, பயன்படுத்துகிறோம். அதன் பொது ஒயர் இரண்டு ரிலேயின் 85-க்கும், டிம் ஒயர் ஒரு ரிலேயின் 86-க்கும், பிரைட் ஒயர் மற்றதன் 86-க்கும். சில வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும். அங்கும் இதே இணைப்பு வேலை செய்யும். ஆனால் உள்ளே டையோடு (கரன்ட்டை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) வைத்த ரிலே வேண்டாம், அதற்குத் திசை உண்டு. எது எந்த ஒயர் என்பதை நிறம் பார்த்து முடிவு செய்யாமல் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். ஐந்து பின் ரிலே கொடுத்தால் நடுவில் உள்ள 87ஏ-யைத் தொடாதீர்கள். அதில் இணைத்தால் சுவிட்சை அணைத்தாலும் லைட் எரியும்.

கேள்வி: ரிலே வைத்து ஒரு வருடம். ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு விளக்கு மட்டும் மங்கிவிட்டது. ரிலே 'டிக்' என்று சத்தம் போடுகிறது.
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: அந்தப் பக்கத்து எர்த் போயிருக்கும். கடற்கரை ஊரில் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து செம்பில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். களிம்பு பிடித்த முனையை நறுக்கிவிட்டு, புது லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) அழுத்தி, பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பில் போல்ட்டால் இறுக்குங்கள். இறுக்கிய பிறகே மேலே கிரீஸ். எர்த் ஒயரும் 2.5 சதுர மி.மீ. இருக்கட்டும், பிளஸ் பக்கம் தடியாகப் போட்டுவிட்டு எர்த்தை மெல்லியதாக விடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ரிலேயின் பின்கள் கீழ்நோக்கி இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மேல்நோக்கி இருந்தால் சாக்கெட்டில் தண்ணீர் தேங்கும். தொடர்ந்து 'டகடக' என்று அடித்தால் அது வேறு கோளாறு: காயிலுக்குப் போதிய வோல்ட் போகவில்லை.

கேள்வி: ரிலே இருப்பதால் 100/90 வாட் பல்பு போடலாமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: வேண்டாம். 17 ஆம்பியர் ஓடும், ஃபியூஸ் போகும். பெரிய ஃபியூஸ் போட்டால் ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும். அதைவிடப் பெரிய ஆபத்து எதிரே வருபவருக்கு. வாய்க்கால் ஓரச் சாலைகளில் தடுப்புச் சுவர் கிடையாது. கண் கூசினால் பைக்காரர் நேரே தண்ணீரில்தான் இறங்குவார். 60/55 போதும். ரிலே வைத்ததும் வண்டியைச் சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் நடு உயரத்தைவிட 10 செ.மீ. கீழே விழும்படி திருகி வையுங்கள்.