குற்றவாளி கட்டும் அபராதம் யாருக்குப் போகிறது?

"குற்றவாளிகளிடம் வசூலிக்கும் அபராதத்தையே பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடாகக் கொடுத்தால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஆனால் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

வரப்புத் தகராறில் என் அப்பாவை மண்வெட்டிக் காம்பால் அடித்துவிட்டார்கள். வலது மணிக்கட்டு முறிந்து, பிளேட் வைத்தார்கள். நான்கு வருடம் நடந்த வழக்கில் அடித்தவருக்குச் சிறைத் தண்டனையும் 5,000 ரூபாய் அபராதமும் கிடைத்தது. வெளியே வந்ததும் அப்பா கேட்டார்: "அந்த அஞ்சாயிரம் யாருக்குடா?" அரசாங்கத்துக்கு என்றேன். சரியாக மடங்காத விரல்களால் பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டே, "அடி வாங்குனது நான்" என்றார்.

அந்த அபராதத்தை அப்பாவுக்கே கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கலாம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357ஆம் பிரிவு அதற்குத்தான் இருந்தது. 2024 ஜூலை முதல் அது, பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 395ஆம் பிரிவு. இழப்பீடு தரலாமா என்பதை நீதிமன்றம் ஒவ்வொரு வழக்கிலும் யோசித்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில் சொன்னது. எங்கள் வழக்கில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

சரி, அந்த 5,000 கிடைத்திருந்தால் மட்டும் போதுமா? ஆபரேஷன் செலவில் ஒரு மூலைக்குக்கூட வராது. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் அன்று விதிக்கக்கூடிய அதிகபட்ச அபராதமே 10,000 ரூபாய்தான், இப்போது 50,000. மேல்முறையீடு போனால், அது முடியும்வரை பணம் கைக்கு வராது. அடித்தவர் யாரென்றே தெரியாத வழக்கில் அபராதத்துக்கு எங்கே போவது?

அமெரிக்காவில் 1984இலேயே இதற்கென்று ஒரு நிதியம் தொடங்கினார்கள். மத்திய அரசு வழக்குகளில் வரும் அபராதங்கள் அதில் சேரும், அங்கிருந்து மாநிலங்களுக்குப் போகும். பெரிய கம்பெனிகள் கட்டும் அபராதம் வந்தவரை நன்றாக ஓடியது. பிறகு அரசு வழக்கறிஞர்கள் கம்பெனிகளோடு வழக்கை நிறுத்திவைக்கும் ஒப்பந்தங்கள் போட ஆரம்பித்ததும், அவற்றின்படி கம்பெனிகள் கட்டிய பணம் பொதுக் கஜானாவுக்குப் போய், நிதியம் வற்றியது. 2021இல் சட்டத்தைத் திருத்தி அதையும் உள்ளே கொண்டுவர வேண்டியதாயிற்று. அபராதம் குறைகிறது என்பதற்காக அடிபட்டவரின் காயம் குறைவதில்லையே.

அதனால்தான் நம் சட்டத்தின் 396ஆம் பிரிவு (பழைய 357ஏ) எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதன்படி மாநில அரசே இழப்பீட்டுத் திட்டம் வைத்திருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலும் நீதிமன்றம் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம். ஆளே பிடிபடாவிட்டாலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நீங்களே மனு கொடுக்கலாம். இரண்டு மாதத்துக்குள் விசாரணையை முடித்து அவர்கள் தொகையை முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் வீட்டில் இப்படி வழக்கு நடந்தால் ஆஸ்பத்திரி பில்களைப் பத்திரமாக வையுங்கள். தீர்ப்பு வருவதற்கு முன்பே அவற்றை அரசு வழக்கறிஞரிடம் கொடுத்து, இழப்பீடு வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.