மங்கலான ஓரம்

அன்புள்ள ஐயா,

என் அக்காவுக்கு மூளையில் கட்டி. ஆபரேஷனுக்கு முன் டாக்டர் கம்ப்யூட்டரில் ஒரு படம் காட்டினார். கட்டியைச் சுற்றி வண்ண வண்ணமாக நரம்புக் கற்றைகள். ஒரு கற்றையின் ஓரம் மட்டும் புகை படிந்தாற்போல் இருந்தது. "அந்த இடம் நிச்சயமில்லை" என்றார். நிச்சயமில்லாததை ஏன் படத்தில் போட வேண்டும்? டாக்டருக்கே அது குழப்பம் இல்லையா?
செல்வி

அன்புள்ள செல்வி,

அந்தப் புகையை மறைக்காமல் காட்டிய டாக்டரை நான் நம்புவேன்.

எம்.ஆர்.ஐ. நரம்பை நேராகப் பார்ப்பதில்லை. இழையின் நீளவாக்கில் தண்ணீர் எளிதாக நகரும், குறுக்கே அவ்வளவாக நகராது. அந்த நகர்வை அளந்து, இழை இப்படித்தான் போகும் என்று கம்ப்யூட்டர் ஊகித்துக் கோடு இழுக்கிறது. ஸ்கேனின் ஒரு கட்டம் சுமார் 2 மில்லிமீட்டர். அதற்குள் லட்சக்கணக்கான இழைகள். இரண்டு கற்றைகள் அங்கே குறுக்கிட்டால் கோடு தடம் மாறிவிடும். கட்டியைச் சுற்றி நீர் கோத்திருந்தால், நரம்பு உயிரோடிருக்கும்போதே கோடு அறுந்துபோகும்.

2017இல் வெளியான ஓர் ஆய்வில், விடை முன்பே தெரிந்த 25 கற்றைகளை 20 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்து வரையச் சொன்னார்கள். பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கூடவே, இல்லாத கற்றைகளை அதைவிட அதிகமாக வரைந்திருந்தார்கள். ஒரே கோட்டைப் பளிச்சென்று வரைந்து கொடுப்பதில் எனக்குள்ள பயம் இதுதான். இல்லாத கற்றையைக் காட்டினால் கட்டியில் கொஞ்சம் மிஞ்சும். இருக்கும் கற்றையைக் காட்டாமல் விட்டால் கையோ பேச்சோ போய்விடும்.

அதனால் ஒரே கணக்கைச் சிறு மாற்றங்களோடு ஆயிரக்கணக்கான தடவை ஓட்டுகிறார்கள். கோடுகள் ஒன்றுகூடும் இடம் அடர்த்தியாகவும், சிதறும் இடம் மங்கலாகவும் வரும். படம் முழுக்கப் புகையாகிவிட்டாலும் ஆபத்துதான். கத்தியைப் பிடித்திருப்பவர் ஒரு நொடிதான் திரையை நிமிர்ந்து பார்ப்பார். இரண்டு மூன்று படிகளில் எல்லை காட்டினால் போதும் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, மண்டையோட்டைத் திறந்ததும் திரவம் வடிந்து மூளை கொஞ்சம் அமிழும். சில சமயம் 1 சென்டிமீட்டருக்கு மேலும் நகர்ந்துவிடும். அப்போது நேற்றைய படம் எப்படிச் சரியாகப் பொருந்தும்? மங்கலான இடம் வந்ததும் டாக்டர் கத்தியை நிறுத்தி, மெல்லிய மின்முனையால் அந்த இடத்தில் லேசாக மின்சாரம் பாய்ச்சிப் பார்ப்பார். விழித்திருக்கும் நோயாளி படங்களைப் பார்த்துப் பெயர் சொல்லிக்கொண்டிருப்பார். "பூனை... நாற்காலி..." அடுத்த சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டால், அந்த இடத்தைத் தொட மாட்டார்கள். எங்கே நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்று சொல்வது அந்தப் புகைதான்.

அக்காவின் படத்தில் மங்கலாக இருந்தது எந்தக் கற்றை என்று டாக்டரிடம் கேளுங்கள். பேச்சுக்கானது என்றால், விழிப்பு நிலையில் சோதித்துப் பார்ப்பார்களா என்றும் கேளுங்கள். ஆபரேஷன் முடிந்ததும் ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.